எந்த முன்கூற்றை மறுக்கிறீர்கள்? – பகுப்பாய்வுத் தத்துவம் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

தத்துவத்தில் ஒன்றிரண்டு அறிமுக நூல்களை முடித்துவிட்டு, அடுத்த படிக்கு வழி கேட்டவர்களின் கடிதங்களிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் கடினமான இடங்களும் வரும். அங்கே மெதுவாகப் படியுங்கள்.

பகுப்பாய்வுத் தத்துவம் ஒரு கொள்கையா, முறையா? ஐரோப்பியக் கண்டத் தத்துவத்துக்கு எதிரானது என்கிறார்களே, அது சரியா?

கொள்கை என்று சொல்ல இயலாது. பருப்பொருளைத் தவிர வேறெதுவும் இல்லை என்பவர்களும், மனத்துக்குத் தனி இருப்பு உண்டு என்பவர்களும் இதே மரபில் இருக்கிறார்கள். சாத்திய உலகங்கள் அனைத்தும் நம் உலகைப் போலவே நிஜமானவை என்று 1986இல் ஒரு முழு நூல் எழுதி வாதாடிய டேவிட் லூயிஸும் இந்த மரபினர்தான்.

இவர்களை இணைப்பது வேலை செய்யும் விதம். ஒன்றைச் சொன்னால், அதற்கான வாதத்தை முன்கூற்று முன்கூற்றாக, அதாவது முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் ஒவ்வொரு கூற்றாக, பிரித்து வைக்க வேண்டும். அவற்றிலிருந்து முடிவு உண்மையிலேயே கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைக்கிறது, ஆனால் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்றால், எந்த முன்கூற்றை மறுக்கிறேன் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அப்படி மறுப்பதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான விவாதங்கள் அந்த விலையைப் பற்றியவைதான். கீழே வரும் எல்லாப் பதில்களையும் இந்தக் கண்ணோடு படித்தால் பலன் அதிகம்.

தொடக்கம் 1879. காட்லோப் ஃப்ரேகே அந்த ஆண்டு ‘எல்லாம்’, ‘ஏதேனும் ஒன்று’ என்ற சொற்களைக் கையாளும் நவீன தர்க்கத்தை வெளியிட்டார். 1902 ஜூனில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னையே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் அனைத்தையும் சேர்த்து ஒரு கணம் அமைத்தால், அது தனக்குத் தானே உறுப்பா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் முரண்பாடு. ஃப்ரேகேயின் பெருநூலுடைய இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. 1903இல் அது வெளிவந்தபோது, இந்தச் சிக்கலை ஒப்புக்கொள்ளும் பின்னிணைப்போடு வந்தது. நேர்மையான வாதம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

நிலப்பரப்பை வைத்துப் பிரிப்பது தவறு. ஃப்ரேகே ஜெர்மானியர். கார்னாப் இடம்பெற்ற தத்துவவாதிகள் வட்டம் வியன்னாவில் இயங்கியது. தர்க்க அறிஞர் தார்ஸ்கி வார்சாவில் வளர்ந்தவர். 1930களின் அரசியல் பலரை அமெரிக்காவுக்குத் துரத்திய பிறகுதான் இது ஆங்கிலம் பேசும் நாடுகளின் தத்துவமாகத் தோற்றம் பெற்றது.

தர்க்கம் எவ்வளவு கற்க வேண்டும்? கணிதம் அதிகம் தெரியாது.

முதலில் கூற்றுத் தர்க்கம், அடுத்து அளவுகுறிகளும் (‘எல்லாம்’, ‘ஏதேனும் ஒன்று’) சமன்குறியும் கொண்ட பயனிலைத் தர்க்கம், அதன் பின் ‘அவசியம்’, ‘சாத்தியம்’ என்பவற்றைக் கையாளும் தர்க்கத்தின் அடிப்படை. பள்ளிக் கணிதம் போதும். கணக்கோட்பாட்டில் ஒரு சிறு அறிமுகம் இருந்தால் நல்லது.

இதெல்லாம் எதற்கு என்றால், வாக்கியத்தில் ஒரு சொல் எவ்வளவு தூரம் ஆள்கிறது என்பதைப் பார்க்கும் பழக்கத்துக்காக. ஓர் எடுத்துக்காட்டு: ‘ஒன்று நடக்கும் என்று உனக்குத் தெரிந்தால், அது நடந்தே தீரும்.’ இதில் ‘தீரும்’ என்ற அவசியம் எதன் மேல் உட்காருகிறது? ‘தெரிந்தால் நடக்கும்’ என்ற முழுத் தொடர்பும் அவசியமானது என்று கொண்டால் வாக்கியம் சரி. பொய்யானதை யாரும் அறிந்திருக்க முடியாது. நடப்பதே அவசியமானது என்று கொண்டால் தவறு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவித்தான் ‘எதிர்காலம் முன்பே தெரியுமென்றால் மனித விருப்பத்துக்கு இடமில்லை’ என்ற வாதத்தின் எளிய வடிவம் நிற்கிறது. குறியீட்டில் எழுதினால் இரண்டு வரிகளில் பிழை தெரிந்துவிடும்.

ரஸ்ஸலின் வருணனைக் கோட்பாட்டை எல்லோரும் புகழ்கிறார்கள். ‘பிரான்சின் இன்றைய மன்னர் வழுக்கைத் தலையர்’ என்ற வாக்கியத்தில் அப்படி என்ன இருக்கிறது?

1905இல் வந்த அந்தக் கட்டுரை எதிர்கொண்டது இதைத்தான்: இல்லாத ஒன்றைப் பற்றி எப்படிப் பொருளோடு பேசுகிறோம்? அன்றைய பிரான்சில் மன்னர் கிடையாது. வழுக்கையர்களின் பட்டியலிலும் அவர் இருக்க மாட்டார், முடி உள்ளவர்களின் பட்டியலிலும் இருக்க மாட்டார். அப்படியானால் வாக்கியமும் அதன் மறுப்பும் இரண்டுமே பொய்யா? ஒரு கூற்றோ அதன் மறுப்போ உண்மையாக வேண்டும் என்ற தர்க்க விதி என்னாவது?

வேறொரு வாக்கியத்தை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம். ஆறு மாடி மட்டுமே உள்ள கட்டடம் ஒன்றைப் பற்றி ஒருவர் சொல்கிறார்: ‘இந்தக் கட்டடத்தின் ஏழாவது மாடி பூட்டியிருக்கிறது.’ ‘இந்தக் கட்டடத்தின் ஏழாவது மாடி’ என்பது ஒரு பெயரைப் போல ஒரு பொருளைச் சுட்டுகிறது என்று நினைப்பதுதான் தொடக்கப் பிழை என்கிறார் ரஸ்ஸல். அந்த வாக்கியம் உண்மையில் மூன்று கூற்றுகளின் கூட்டு. ஏழாவது மாடியாக இருப்பது ஒன்றாவது உண்டு. அப்படி இருப்பது ஒன்றுக்கு மேல் இல்லை. அப்படி இருப்பது எதுவோ, அது பூட்டியிருக்கிறது. பிரித்த பிறகு பாருங்கள், ‘ஏழாவது மாடி’ என்ற எழுவாயே காணாமல் போய்விட்டது. முதல் கூற்று பொய், ஆகவே முழு வாக்கியமும் பொய். இல்லாத மாடிக்கு ஏதோ ஒரு மங்கலான இருப்பைத் தர வேண்டியதில்லை.

இப்போது மறுப்புக்கு வருவோம். ‘ஏழாவது மாடி பூட்டியிருக்கவில்லை’ என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ‘ஏழாவது மாடி என ஒன்றே ஒன்று உண்டு, அது பூட்டியிருக்கவில்லை’ என்பது ஒன்று, இது பொய். ‘ஏழாவது மாடி ஒன்றே ஒன்று உண்டு, அது பூட்டியிருக்கிறது என்பது உண்மையல்ல’ என்பது மற்றொன்று, இது உண்மை. மறுப்புச் சொல் உள்ளே நிற்கிறதா, முழு வாக்கியத்தையும் மூடுகிறதா என்பதே வேறுபாடு. தர்க்க விதிக்குத் தேவை இரண்டாவது வகை மறுப்பு. அது நமக்குக் கிடைத்துவிட்டதால் விதி பிழைத்தது. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: முதல் வகை மறுப்பை எடுத்துக்கொண்டு ‘இரண்டுமே பொய்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

ரஸ்ஸல் கொடுக்கும் விலை என்ன? 1950இல் பீட்டர் ஸ்ட்ராசன் அதைக் கேட்டார். ஏழாவது மாடி பூட்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நாம் ‘பொய்’ என்போமா, ‘இங்கே ஏழாவது மாடியே கிடையாதே’ என்போமா? அந்த மாடி இருப்பது சொல்லப்படும் செய்தியில் ஒரு பகுதி என்பதைவிட, சொல்வதற்கு முன்பே எடுத்துக்கொள்ளப்படும் ஒன்று. அது தவறினால் அந்த வாக்கியத்தைப் பயன்படுத்தியவர் உண்மையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை என்பது அவர் பதில். இன்னொரு தொந்தரவும் உண்டு. ‘கதவு திறந்திருக்கிறது’ என்கிறோம். உலகில் கதவு ஒன்றுதானா? ‘ஒன்றுக்கு மேல் இல்லை’ என்ற இரண்டாம் கூற்று உடைந்துவிடுகிறதே! பேசும் சூழலைக் கொண்டு வட்டத்தைச் சுருக்க வேண்டும். எப்படிச் சுருக்குவது என்பதில் இன்றைக்கும் மொழியியலாளர்களும் தத்துவவாதிகளும் சேர்ந்து உழைக்கிறார்கள்.

1966இல் கீத் டானலன் மூன்றாவது சிக்கலைக் கிளப்பினார்: வருணனை தவறாக இருந்தாலும் கேட்பவருக்கு ஆள் புரிந்துவிடுகிறது. மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து ‘காப்பி குடிப்பவர் யார்?’ என்று கேட்டாலும் பதில் வருகிறது. இங்கே சொல் எதைச் சுட்டுகிறது, சொல்பவர் எதைச் சுட்டுகிறார் என்று பிரித்தால் ரஸ்ஸலைக் காப்பாற்றலாம் என்று 1977இல் சால் கிரிப்கே காட்டினார். எங்கள் கணிப்பில் அந்தப் பிரிப்பு வலுவானது. ஸ்ட்ராசன் கேட்டதுதான் இன்னும் கனமாக நிற்கிறது.

‘அவசியமான உண்மை, ஆனால் அனுபவத்தால்தான் தெரியும்’ என்று கிரிப்கே சொல்வதை ஏற்கவே முடியவில்லை. அவசியமானால் யோசித்தே கண்டுபிடித்துவிடலாமே?

உங்கள் மறுப்பை இருநூறு ஆண்டுகளாகப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் 1970 ஜனவரியில் பிரின்ஸ்டனில் சால் கிரிப்கே நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகள் அவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்தன.

ஃப்ரேகே 1892இல் எழுப்பிய புதிரிலிருந்து வருவோம். ‘விடிவெள்ளிதான் விடிவெள்ளி’ என்பதில் செய்தி எதுவும் இல்லை. ‘விடிவெள்ளிதான் அந்திவெள்ளி’ என்பது வானியல் கண்டுபிடிப்பு. இரண்டு பெயரும் ஒரே கோளைத்தான் சுட்டுகின்றன. சுட்டப்படுவதோடு, அது நமக்கு எந்த விதத்தில் காட்டப்படுகிறது என்ற உட்பொருளும் பெயருக்கு உண்டு என்று ஃப்ரேகே விடை சொன்னார். பின்னால் வந்தவர்கள் அந்த உட்பொருளை ஒரு வருணனையாக, அல்லது வருணனைகளின் தொகுப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

கிரிப்கே இதை இரு பக்கமும் தாக்கினார். பித்தாகரஸ் என்ற பெயரை வைத்துப் பார்ப்போம். பலருக்கும் அவரைப் பற்றித் தெரிந்தது ‘செங்கோண முக்கோணத் தேற்றத்தைக் கண்டவர்’ என்பது மட்டுமே. அந்த உறவு பாபிலோனியர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முன்பே தெரிந்திருந்தது. பெயர் என்பது ஒளித்துவைத்த வருணனை என்றால், அந்த மக்கள் ‘பித்தாகரஸ்’ என்று சொல்லும்போதெல்லாம் பெயர் தெரியாத ஒரு பாபிலோனியரைச் சுட்டுகிறார்கள் என்றாகும். அப்படி யாரும் கொள்வதில்லை. அவர்கள் பித்தாகரஸைச் சுட்டி, அவரைப் பற்றித் தவறாக ஒன்றை நம்புகிறார்கள். இது முதல் தாக்குதல்.

இரண்டாவது: பித்தாகரஸ் கணிதத்தின் பக்கமே திரும்பாமல் வாழ்ந்து மடிந்திருக்கலாம். ‘தேற்றத்தைக் கண்டவர் தேற்றத்தைக் காணவில்லை’ என்பதோ முரண்பாடு. ஆகவே இரண்டும் ஒரே பொருள் தரவில்லை. இதற்கு மைக்கேல் டம்மெட் 1973இல் ஒரு நல்ல பதில் வைத்தார்: வருணனை ‘சாத்தியம்’ என்ற சொல்லுக்கு வெளியே நிற்பதாகப் படித்தால் முரண்பாடு வராது. மேலே மறுப்புக்குச் செய்த அதே விளையாட்டு. ‘சாத்தியம்’ என்ற சொல்லே வராத எளிய வாக்கியத்தை எடுத்து, அது எந்தெந்தச் சூழ்நிலைகளில் உண்மையாகும் என்று பார்த்தாலே வேறுபாடு தெரிகிறது, அங்கே வெளியே தள்ள எதுவும் இல்லை என்று கிரிப்கே 1980இல் தம் சொற்பொழிவுகளின் நூல் வடிவுக்கு எழுதிய முன்னுரையில் பதிலளித்தார்.

ஆக, பெயர் எந்தச் சாத்தியச் சூழ்நிலையைப் பற்றிப் பேசினாலும் அதே ஆளை, அதே பொருளைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. இதை ஏற்றால் உங்கள் கேள்விக்கான விடை மூன்று வரியில் வரும். எந்தப் பொருளும் அவசியமாகத் தன்னோடு ஒன்றானது. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே பொருள்; ஒன்றுக்கு உள்ள பண்பு மற்றதற்கும் உண்டு. ஆகவே அந்திவெள்ளி ‘விடிவெள்ளியோடு அவசியமாக ஒன்றாயிருத்தல்’ என்ற பண்பைக் கொண்டது. இந்த நிரூபணத்தை முறையான தர்க்கத்தில் முதலில் செய்தவர் ரூத் பார்கன் மார்கஸ், 1947இல். இரண்டும் ஒன்று என்ற தகவலோ வானத்தைப் பார்த்துத்தான் கிடைத்தது.

‘யோசித்தே கண்டுபிடித்துவிடலாமே’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்றால், எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்ற கேள்வியையும் வேறு மாதிரி இருந்திருக்க முடியுமா என்ற கேள்வியையும் ஒன்றாக்குவதிலிருந்து. முதலாவது நம் அறிவைப் பற்றியது, இரண்டாவது உலகைப் பற்றியது. ‘வேறாக இருப்பதாகக் கற்பனை செய்ய முடிகிறதே’ என்பீர்கள். நீங்கள் கற்பனை செய்வது, விடியலில் தெரியும் வேறொரு கோளை யாரோ ‘விடிவெள்ளி’ என்று அழைக்கும் உலகம். அது சாத்தியம்தான். வெள்ளிக்கோள் தன்னிலிருந்து வேறாக இருக்கும் உலகம் அல்ல.

பெயர் பொருளோடு எப்படி ஒட்டுகிறது? முதலில் யாரோ பெயரிட, அது வாய்வழிச் சங்கிலியாகக் கைமாறி வருகிறது என்பது கிரிப்கே தந்த சித்திரம். காரெத் எவன்ஸ் 1973இல் மடகாஸ்கரைக் காட்டி இதைச் சங்கடப்படுத்தினார். அந்தப் பெயர் முதலில் ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் ஒரு பகுதிக்கு உரியது. தவறாகக் கேட்டுத் தீவுக்குச் சூட்டிவிட்டார்கள். சங்கிலி அறுபடவில்லை, சுட்டப்படுவது மாறிவிட்டது. ஃப்ரேகேயின் பழைய புதிரும் திரும்பி வருகிறது: விடிவெள்ளி அழகு என்று நம்பி அந்திவெள்ளி அழகு என்பதை மறுப்பவர் எதை நம்புகிறார்? கிரிப்கேயின் பக்கம் நிற்பவர் கொடுக்க வேண்டிய பெரிய விலை இது.

பகுப்புக் கூற்று, தொகுப்புக் கூற்று என்ற பிரிவினையை குவைன் 1951இலேயே ஒழித்துவிட்டார் என்று ஆசிரியர் சொன்னார். விவாதம் முடிந்துவிட்டதா?

இல்லை. ‘மணமாகாதவருக்கு வாழ்க்கைத் துணைவர் இல்லை’ போன்ற கூற்று சொற்பொருளாலேயே உண்மை, அதாவது பகுப்புக் கூற்று என்கிறோம்; உலகைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டியது தொகுப்புக் கூற்று. ‘சொற்பொருளாலேயே’ என்பதை விளக்கச் சொன்னார் வில்லர்ட் குவைன். ஒருபொருட்சொற்களை இடம் மாற்றினால் தர்க்க உண்மை கிடைக்கும் என்று சொல்லலாம். எந்த இரு சொற்கள் ஒருபொருட்சொற்கள்? ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தாலும் வாக்கியத்தின் உண்மை மாறாதவை என்றால், இதயம் உள்ள உயிரினங்களும் சிறுநீரகம் உள்ள உயிரினங்களும் ஒரே தொகுதி என்று வைத்துக்கொண்டால் அந்த இரு தொடர்களும் ஒருபொருட்சொற்களாகிவிடும். ‘அவசியமாக’ என்ற சொல் வரும் வாக்கியங்களிலும் மாறக் கூடாது என்று சேர்த்தால் பிரச்சினை தீரும். ஆனால் ‘அவசியமாக’ என்பதற்குப் பகுப்பு உண்மை என்று பொருள் கொண்டுதான் அதைச் சேர்க்கிறோம். வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்.

மறுப்பும் வலுவானது. 1956இல் கிரைஸும் ஸ்ட்ராசனும் கேட்டார்கள்: வரையறை தர முடியாவிட்டால் பிரிவினையே கிடையாதா? மூன்று வயதுக் குழந்தைக்கு ரஸ்ஸலின் வகைக் கோட்பாடு (தர்க்கத்தில் கடினமான ஒன்று) புரிகிறது என்று ஒருவர் சொன்னால் நம்ப மாட்டோம். மூன்று வயதுக் குழந்தை வயது வந்தவர் என்று சொன்னால், என்ன சொல்ல வருகிறார் என்பதே புரியாமல் விழிப்போம். இரண்டு எதிர்வினைகளும் வேறு வேறு, எல்லோரிடமும் ஒரே மாதிரி. கிரிப்கேக்குப் பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது: அவசியம் வேறு, பகுப்பு வேறு என்றால் குவைனின் வட்டத்தில் ஒரு கண்ணி கழன்றுவிடுகிறது. 2009இல் தத்துவத் துறையினரிடையே நடந்த பில்பேப்பர்ஸ் கணக்கெடுப்பில் சுமார் 65 விழுக்காட்டினர் இந்தப் பிரிவினையை ஏற்றார்கள், சுமார் 27 விழுக்காட்டினர் மறுத்தார்கள். உங்கள் ஆசிரியர் சிறுபான்மையின் பக்கம் இருக்கிறார். வாக்கெடுப்பு வாதம் ஆகாது என்றாலும், முடிந்துபோன விவாதம் இல்லை என்பதற்கு அது போதும்.

கெட்டியர் சிக்கலுக்கு நானே ஓர் எடுத்துக்காட்டு எழுத வேண்டும். எப்படி அமைப்பது? ஆசிரியர் இருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்.

எட்மண்ட் கெட்டியரின் கட்டுரை 1963இல் வந்தது, மூன்றே பக்கம். நியாயமான காரணத்தோடு உண்மையான ஒன்றை நம்பினாலே அது அறிவு என்ற வரையறையை அது உடைத்தது.

செய்முறையை லிண்டா ஸாக்ஸெப்ஸ்கி 1994இல் தெளிவாக எழுதினார். நல்ல காரணம் உள்ள ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துரதிர்ஷ்டத்தால் அதைப் பொய்யாக்குங்கள். பிறகு தொடர்பே இல்லாத ஓர் அதிர்ஷ்டத்தால் மீண்டும் உண்மையாக்குங்கள். எடுத்துக்காட்டு: நூலகப் பட்டியல் ஒரு புத்தகம் மூன்றாவது தளத்தில் இருப்பதாகக் காட்டுகிறது, பட்டியல் பொதுவாக நம்பகமானது, நீங்கள் நம்புகிறீர்கள். பதிவு செய்தபோது வேறொரு புத்தகத்தின் இடத்தை இதற்கு எழுதிவிட்டார்கள். இதன் சரியான இடம் முதல் தளம். ஆனால் நேற்று யாரோ எடுத்துப் படித்துவிட்டுத் தவறுதலாக மூன்றாவது தளத்தில் வைத்துவிட்டார். நம்பிக்கை உண்மை, காரணம் நியாயமானது, அறிவு என்று சொல்ல மனம் வரவில்லை.

உங்களுடையது திரும்பி வந்ததற்கு இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். நம்பிக்கை கடைசியில் பொய்யாகவே நின்றுவிட்டதா? அப்படியானால் அது பழைய வரையறையை உடைக்காது. காரணம் பலவீனமா, வெறும் ஊகமா? அப்போதும் பழைய வரையறையே ‘அறிவல்ல’ என்று சொல்லிவிடும். அல்லது அதிர்ஷ்டம் தவறான இடத்தில் வந்ததா? சான்று தற்செயலாகக் கையில் கிடைத்தால் கெடுதல் இல்லை. வழியில் கண்ட கடிதத்தைப் படித்து ஒன்றை அறியலாம். சான்றுக்கும் உண்மைக்கும் நடுவில் அதிர்ஷ்டம் புகுந்தால்தான் அறிவு கெடும்.

தீர்வுகளும் ஏராளம். பொய்யான இடைப்படி எதுவும் இருக்கக் கூடாது என்பது முதலில் தோன்றும் திருத்தம். நூலக எடுத்துக்காட்டை அது ஓரளவு பிடிக்கும். ஆனால் ஆல்வின் கோல்ட்மன் 1976இல் தந்த நிகழ்வில் இடைப்படியே இல்லை: ஊர் முழுதும் களஞ்சியம் போன்ற போலி முகப்புகள், நடுவே ஒரே ஓர் உண்மையான களஞ்சியம், அதைத்தான் ஒருவர் பார்த்துக் களஞ்சியம் என்று நம்புகிறார். நம்பிக்கை உண்மை, ஆனாலும் அறிவு என்று சொல்லத் தயங்குகிறோம். ராபர்ட் நோஸிக் 1981இல் ‘அது பொய்யாக இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்’ என்று நிபந்தனை போட்டார். பல நிகழ்வுகளை அது அழகாகப் பிடிக்கிறது. விலை பெரிது: எனக்குக் கைகள் உண்டு என்று தெரியும், ஆனால் நான் கைகள் இருப்பதாக ஏமாற்றப்படும், குடுவைக்குள் மிதக்கும் மூளை அல்ல என்று தெரியாது என்றாகும். தெரிந்ததிலிருந்து சரியாக வருவித்ததும் தெரிந்ததே என்ற விதியைக் கைவிட வேண்டும். நோஸிக் துணிந்து கைவிட்டார். எங்களுக்கு அது அதிக விலையாகத்தான் படுகிறது. டிமோத்தி வில்லியம்சன் 2000இல் வேறு பக்கம் திரும்பினார்: அறிவை நம்பிக்கையோடு சேர்மானம் கூட்டி வரையறுக்க வேண்டியதே இல்லை, அறிவே அடிப்படை.

இந்த மாதிரி நிகழ்வுகள் மேலைத் தத்துவத்துக்கு மட்டும் சொந்தமல்ல. எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தத் தர்க்கவாதி தர்மோத்தரர் கானல்நீர் ஒன்றைக் காட்டுகிறார். கானலைக் கண்டு தண்ணீர் என நம்பிப் போனவருக்கு, அதே இடத்தில் பாறைக்கடியில் உண்மையான தண்ணீர் கிடைக்கிறது. அமைப்பு அப்படியே கெட்டியருடையது.

ஒரு மணல் பருக்கையை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கும் என்ற புதிருக்கு விடை உண்டா?

மூன்று பெரிய விடைகள் உண்டு, மூன்றிலும் ஏதாவது ஒன்று உறுத்தும். பத்தாயிரம் பருக்கை குவியல். எந்த எண்ணுக்கும், அத்தனை பருக்கை குவியல் என்றால் ஒன்று குறைந்தாலும் குவியலே. ஆகவே ஒரு பருக்கையும் குவியல். இரண்டாம் முன்கூற்றை மறுத்தாக வேண்டும் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படி மறுத்தால் எங்கோ ஓர் எல்லை இருக்கிறது என்றாகிறது.

வில்லியம்சன் 1994இல் அதை நேரடியாக ஏற்றார்: துல்லியமான எல்லை உண்டு, எங்கே என்று நம்மால் அறிய முடியாது. தர்க்கம் முழுவதும் பிழைக்கிறது. நம் மொழிப் பழக்கம் அவ்வளவு துல்லியமான எல்லையை எப்படி வகுத்தது என்ற கேள்வி நிற்கிறது. கிட் ஃபைன் 1975இல், சொல்லைத் துல்லியமாக்கும் எல்லா வழிகளிலும் உண்மையானதே உண்மை என்றார். ‘எல்லை எங்கோ இருக்கிறது’ என்பது உண்மை, ‘இதோ இங்கே’ என்பது எந்த எண்ணுக்கும் உண்மையல்ல என்பதைச் சகித்துக்கொள்ள வேண்டும். உண்மைக்கு அளவுகள் உண்டு என்பது மூன்றாவது வழி. அரையளவு உண்மையான கூற்றையும் அதன் மறுப்பையும் சேர்த்துச் சொன்னால் அதுவும் அரையளவு உண்மை என்றாகும். நேரான முரண்பாட்டுக்கு அவ்வளவு தருவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

வண்ணமே பார்க்காத விஞ்ஞானி மேரி பற்றிய வாதம் பௌதிகவாதத்தை வீழ்த்திவிட்டதா?

ஃப்ராங்க் ஜாக்சன் 1982இல் வைத்தது. மேரி கறுப்பு வெள்ளை அறையிலேயே வளர்ந்தவள். வண்ணப் பார்வை பற்றிய பௌதிக உண்மைகள் அனைத்தும் அவளுக்குத் தெரியும். வெளியே வந்து சிவப்பைப் பார்க்கிறாள். புதிதாக ஒன்றைக் கற்கிறாள். ஆகவே பௌதிகமல்லாத உண்மைகளும் உண்டு; இருப்பதெல்லாம் பௌதிகமே என்ற பௌதிகவாதம் தவறு.

வெளியேறும் வழிகளை எண்ணிப் பாருங்கள். அவள் எதையும் கற்கவில்லை, ‘அனைத்தும் தெரியும்’ என்பதன் கனம் நமக்குப் புரியவில்லை என்பது டேனியல் டென்னட்டின் பதில். கற்கிறாள், ஆனால் உண்மையை அல்ல, திறனை: நினைவில் கொண்டுவர, கற்பனை செய்ய, அடையாளம் காண, இது லாரன்ஸ் நெமிரோவும் லூயிஸும் சொன்னது. பழைய உண்மையையே புதிய கருத்துருவால் பிடிக்கிறாள் என்பது பிரையன் லோர் 1990இல் வகுத்த வழி. விடிவெள்ளியை அறிந்தவர் அந்திவெள்ளியும் அதுவே என்று அறிவதைப் போல. இன்று பௌதிகவாதிகளிடம் அதிகம் செல்வாக்குப் பெற்றது இதுதான். இதற்கு டேவிட் சால்மர்ஸ் ஒரு கிடுக்கி போடுகிறார்: அந்தச் சிறப்புக் கருத்துருவைப் பௌதிகமாக விளக்க முடிந்தால், அது மேரியின் நிலையை விளக்காது, மேரியின் நிலையை விளக்கினால், அதைப் பௌதிகமாக விளக்க முடியாது.

வாதத்தை ஏற்பவரும் விலை கொடுக்கிறார். சிவப்பின் அனுபவம் பௌதிகமல்ல என்றால், ‘ஆகா’ என்று மேரியின் வாய் அசைவதற்கு அது எப்படிக் காரணமாகும்? அசைவுக்கு வேண்டிய பௌதிகக் காரணம் ஏற்கெனவே மூளையில் முழுமையாக இருக்கிறதே. இந்த நெருக்கடியைக் கூர்மையாக்கியவர் ஜேக்வொன் கிம். ஜாக்சனே பிற்பாடு தம் வாதத்தைக் கைவிட்டார். அதனால் வாதம் தோற்றுவிடவில்லை. அதைத் தனியே எடைபோட வேண்டும்.

‘இது தவறு’ என்பது வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என்ற ஏயரின் கருத்து ஏன் இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை?

முக்கியக் காரணம் பீட்டர் கீச் 1960களில் எழுப்பிய தடை. அதன் வேர் ஃப்ரேகேயிடம். ‘வாக்கு மீறுவது தவறு. வாக்கு மீறுவது தவறென்றால், பிறரை மீறத் தூண்டுவதும் தவறு. ஆகவே தூண்டுவது தவறு.’ செல்லத்தக்க வாதம், அதாவது முன்கூற்றுகளிலிருந்து முடிவு சரியாக வருகிறது. இரண்டாம் வரியில் ‘வாக்கு மீறுவது தவறு’ என்ற பகுதியைச் சொல்பவர் யாரையும் கண்டிக்கவில்லை. ‘என்றால்’ என்று நிபந்தனைதான் வைக்கிறார். அங்கே உணர்ச்சி வெளிப்பாடு இல்லை, ஆகவே பொருளும் முதல் வரியிலிருந்து வேறாக வேண்டும். பொருள் மாறினால் வாதம் உடைகிறது. சைமன் பிளாக்பர்னும் ஆலன் கிப்பர்டும் பல பத்தாண்டுகள் உழைத்துத் தந்த திருத்திய வடிவங்கள் இந்த ஒரு தடையைக் கடக்கப் பிறந்தவை.

ஒரு கட்டுரையை எப்படிப் படிப்பது? எதில் தொடங்குவது?

கெட்டியரில் தொடங்குங்கள், சிறியது. அடுத்து குவைன் 1948இல் எது இருக்கிறது என்று கேட்டு எழுதிய கட்டுரை, பிறகு ரஸ்ஸல் 1905, ஸ்ட்ராசன் 1950, ஃப்ரேகே 1892. அதன் பிறகு கிரிப்கேயின் சொற்பொழிவுகள். பேச்சாக இருப்பதால் நினைப்பதைவிட எளிதாகப் போகும். விட்கன்ஸ்டைனின் 1921ஆம் ஆண்டு நூலில் தொடங்க வேண்டாம். அதில் வாதங்கள் சொல்லப்படாமல் முடிவுகள் மட்டும் எண்ணிட்டு நிற்கின்றன. ஃப்ரேகேயையும் ரஸ்ஸலையும் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த இடைவெளிகள் நிரம்பும்.

இருபது பக்கக் கட்டுரைக்கு ஒரு முழு நாளும் ஆகலாம், கவலை வேண்டாம். முதல் முறை நிறுத்தாமல் படித்து, ஆசிரியர் யாரை மறுக்கிறார், எதை நிறுவ விரும்புகிறார் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு: எது வாதம், எது விளக்கம், எது எதிராளியின் கருத்து என்று ஓரத்தில் குறியுங்கள். எதிராளியின் கருத்தை ஆசிரியருடையதாகப் படித்துவிடுவது மிகப் பரவலான தவறு. பிறகு கட்டுரையை மூடிவிட்டு, மைய வாதத்தை மூன்றிலிருந்து ஆறு வரை எண்ணிட்ட முன்கூற்றுகளாக உங்கள் சொற்களில் எழுதுங்கள். ஒரே சொல் இரு வரிகளில் வந்தால் ஒரே பொருளில் வருகிறதா என்று பாருங்கள். முடிவு வராவிட்டால் விட்டுப்போன முன்கூற்றை நீங்களே சேருங்கள். ஆசிரியர் அதை எழுதாமல் விட்ட இடத்தில்தான் பெரும்பாலும் பலவீனம் இருக்கும். மூன்றாம் முறை, நீங்கள் எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

எழுதும்போது ஆயிரம் சொற்களுக்கு ஒரு வாதம், ஒரு மறுப்பு, அந்த மறுப்புக்கு ஆசிரியர் சொல்லக்கூடிய மிகச் சிறந்த பதில், இவ்வளவு போதும். ‘இதை ஏற்க முடியாது’ என்று எழுதினால் அருகிலேயே முன்கூற்றின் எண்ணையும் எழுதுங்கள். எண் எழுத வரவில்லை என்றால் இரண்டாம் முறைப் படிப்புக்குத் திரும்புங்கள்.